கீமோவுக்குப் பிறகு காய்ச்சல்: கேள்வி பதில்

ரத்தப் புற்றுநோய் வார்டில் தொற்றுத் தடுப்பு வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளில் அடிக்கடி எழுபவற்றுக்கு இங்கே பதில்.

மகனுக்கு லுக்கீமியா. கீமோ முடிந்து வீட்டில் இருக்கும்போது ராத்திரி காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்க்கலாமா? (ஓர் அம்மா)

வேண்டாம்மா, ராத்திரியே கிளம்பிவிடுங்கள். நியூட்ரோபில் என்ற வெள்ளையணு 500-க்குக் கீழே இறங்கிவிட்டால் புண்ணில் சீழ்கூடச் சரியாகக் கட்டாது. பல பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம், பாராசிட்டமால் அதையும் மறைத்துவிடும். ஒரு தடவை 101 காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் இறங்காமல் நின்றாலோ ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். கேஷுவாலிட்டி வாசலிலேயே ‘கீமோ போட்ட பிள்ளை, காய்ச்சல்’ என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஊசி போயாக வேண்டும்.

எடுத்தவுடன் மெரோபெனம் போன்ற வலுவான ஆன்டிபயாடிக் போட்டுவிட்டால் பாதுகாப்புதானே சார்? (பயிற்சி மருத்துவர்)

ரத்த அழுத்தம் விழுந்து ஷாக்கில் வந்தவருக்கும், ஏற்கெனவே மருந்துக்கு அடங்காத எதிர்ப்புக் கிருமி இருப்பது தெரிந்தவருக்கும் தயங்காமல் போடுங்கள். மற்றவர்களுக்கு பிப்பராசிலின்-டாசோபாக்டம் போன்றதில் தொடங்கலாம். எது சரி என்பதை உங்கள் ஆஸ்பத்திரியின் ஆன்டிபயோகிராமில் (எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற பட்டியலில்) பாருங்கள், சீனியர் சொன்ன பழக்கத்தில் போகாதீர்கள்.

ஊசிக்கு முன்னால் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) இரண்டு செட். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். முதல் ஊசி போன பிறகு எடுத்த கல்ச்சரில் பல நேரம் எதுவும் வளராது. அப்புறம் மருந்தைக் குறைக்க நம் கையில் ஆதாரமே இருக்காது. ரத்தத்தில் கிருமி இருந்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் வளர்ந்துவிடும். அதனால் மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில் ‘இதை ஏன் தொடர்கிறோம்?’ என்று கேட்டே ஆக வேண்டும்.

மெரோபெனம் குடலில் இருக்கும் சாதுவான கிருமிகளையும் அழித்து, தனக்கு அடங்காதவற்றை மிச்சம் வைக்கும். அடுத்த கீமோவில் குடல் சவ்வு புண்ணாகும்போது அவைதான் ரத்தத்தில் இறங்கும். டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-இல் கண்டறிந்த என்.டி.எம்-1 (மெரோபெனம் வகை மருந்துகளைச் சிதைக்கும் கிருமி நொதி) அந்த வகை எதிர்ப்புதான். அப்படிப்பட்ட தொற்றுக்குக் கடைசியாகத் தேடிப் போகும் மருந்துகளில் ஒன்றான கோலிஸ்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அதே நோயாளியின் அடுத்த காய்ச்சலுக்கு ஒரு மருந்து மிஞ்ச வேண்டும் என்றுதான் இத்தனை கேள்வி கேட்கிறோம்.

கிளவுஸ் போட்டிருந்தால் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) தேவையா? (ஸ்டாஃப் நர்ஸ்)

தேவை சிஸ்டர். கழற்றும்போதே கையில் ஒட்டிவிடும். ஹேண்ட் ரப் 20–30 விநாடி தேய்க்க வேண்டும். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியால் வந்த பேதி என்றால் சோப்பும் தண்ணீரும்தான், அதன் ஸ்போர்கள் (விதை போன்ற உறை வடிவம்) ஆல்கஹாலில் சாகாது. இன்னொன்று: மீந்த டிரிப்ஸையும் ஜூஸையும் கை கழுவும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். அந்த வடிகாலில் கிருமிகள் தின்று வளரும்.

அக்காவைப் பார்க்க வரும்போது பூ கொண்டு வரலாமா?

வேண்டாம். தலையில் வைத்திருக்கும் மல்லிகையையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். சளி, இருமல் இருந்தால் அன்றைக்கு வீடியோ காலில் பேசுங்கள்.

மூன்று நாளாகக் காய்ச்சல் இல்லை, ஆன்டிபயாடிக்கை நிறுத்துகிறோம் என்கிறார்கள். வெள்ளையணுக்கள் இன்னும் ஏறவில்லையே, பயமாக இருக்கிறது. (ஒரு கணவர்)

பயம் நியாயமானதுதான். முன்பெல்லாம் அணுக்கள் ஏறும்வரை தொடர்ந்தோம். காய்ச்சல் விட்டு 72 மணி நேரமாகி, மற்றபடி நோயாளி தேறியிருந்தால் நிறுத்தலாம் என்று ஸ்பெயினில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. கல்ச்சரில் கிருமி வந்திருந்தால் கணக்கு வேறு, அதை டாக்டரிடம் கேளுங்கள். நிறுத்திய பிறகும் வார்டில் டெம்பரேச்சர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், திரும்ப ஏறினால் அந்த நிமிடமே மறுபடி ஊசி தொடங்கும். ராத்திரி அவங்களுக்குக் குளிர் நடுக்கம் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் நர்ஸை எழுப்புங்கள்.