ஏமாற்றுக்காரனிடம் பேச்சுக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். "விண்டோஸ் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணினியில் வைரஸ் புகுந்திருக்கிறது" என்று மாதத்துக்கு இரண்டு மூன்று முறை ஃபோன் வருகிறது. போன வாரம் ஒருவனை ஐம்பது நிமிடம் இழுத்தடித்தேன். என்னிடம் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் வேறு யாரையும் ஏமாற்ற முடியாதே என்பது என் கணக்கு. மனைவியோ "வம்பை விலைக்கு வாங்காதீர்கள்" என்கிறார். நான் செய்வது சரியா? அடுத்த முறை, சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினியைத் திறந்து அவனை உள்ளே விட்டு, என்ன செய்கிறான் என்று பார்க்கலாமா?

பதில்: உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் பயமே அதில்தான். அந்த மடிக்கணினியைத் திறந்து விடாதீர்கள். வாய்ப்பேச்சில் அவனை அலைய விடுவது ஒரு விஷயம், கணினியை அவன் கையில் கொடுப்பது முற்றிலும் வேறு விஷயம்.

பழையதுதானே, உள்ளே ஒன்றும் இல்லையே என்று தோன்றும். அதன் பிரவுசரில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகளின் பட்டியலை ஒரு தடவை திறந்து பாருங்கள். எப்போதோ பயன்படுத்திய மின்னஞ்சல் இன்னும் லாகின் ஆகியே இருக்கக்கூடும். மின்னஞ்சல் மட்டும் கையில் கிடைத்துவிட்டால், "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்ற பொத்தானை அழுத்தி அழுத்தியே மற்ற கணக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம். பழைய படங்களுக்கு நடுவே அடையாள அட்டையின் ஸ்கேன் ஒன்று கிடக்கும். போதாததற்கு, அந்த மடிக்கணினி உங்கள் வீட்டு வைஃபையில்தான் இணையும். வீட்டிலுள்ள மற்ற கணினிகளும் ஃபோன்களும் அதே வைஃபையில்தான் இருக்கின்றன. அவன் திரையில் உங்களுக்கு எதையோ காட்டிக்கொண்டே பின்னால் கோப்புகளை இழுத்துக்கொள்வான். நீங்கள் இல்லாத நேரத்தில் திரும்ப வர வசதியாக, தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் ரிமோட் மென்பொருள் இன்னொன்றையும் சத்தமில்லாமல் நிறுவிவிட்டுப் போவான்.

தன்னை வைத்து விளையாடுகிறீர்கள் என்று தெரிந்துவிட்டாலும் ஆபத்துதான். விண்டோஸில் சிஸ்கீ என்று ஒரு வசதி இருந்தது. அதைக் கொண்டு, பாஸ்வேர்டு போடாமல் கணினியே தொடங்காதபடி பூட்டிவிடலாம். கோபம் வந்தால் அப்படிப் பூட்டிவிட்டுப் போவது பல வருடம் இந்தக் கும்பல்களின் வழக்கமாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2017-ல், விண்டோஸ் 10-இன் 1709 பதிப்போடு, அந்த வசதியையே எடுத்துவிட்டது. ஆனால் உங்களுடையது பழைய மடிக்கணினி. அதில் பழைய விண்டோஸ் இருந்தால் சிஸ்கீயும் அப்படியே இருக்கும்.

யூடியூபில் கிட்போகா போன்றவர்கள் மோசடிக்காரர்களை மணிக்கணக்கில் கணினிக்குள் விட்டு அலைக்கழிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்கள் கொடுப்பது நிஜக் கணினி அல்ல. வெர்ச்சுவல் மெஷின் எனப்படும், கணினிக்குள் ஓடும் போலிக் கணினி அது. உள்ளே இருக்கும் வங்கிப் பக்கம்கூட அவர்களே செய்த போலி. அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வுக்காக இப்படிப்பட்ட 60 மோசடிக்காரர்களிடம் பேசினார்கள். அவர்களும் வெர்ச்சுவல் மெஷினுக்குள்தான் அந்த ஆட்களை விட்டார்கள். தொழிலே இதுவாக இருப்பவர்கள் அவ்வளவு வேலிகளைப் போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.

சரி, வெறும் பேச்சுக்கு வருவோம். உங்கள் கணக்கில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். பெரிய கும்பல்களில் முதலில் பேசுபவன் ஒருவன், பணத்தைக் கறப்பவன் இன்னொருவன். முதல் ஆள் கையில் எழுதிக் கொடுத்த வசனம் இருக்கும். நீங்கள் நம்பிவிட்டீர்கள் என்று தோன்றியதும், "எங்கள் சீனியர் இன்ஜினியரிடம் இணைக்கிறேன்" என்று அடுத்தவனுக்கு மாற்றுவான். எண்களைச் சுழற்றுவது இயந்திரம். முதல் ஆளின் சம்பளமும் குறைவு. அவனுடைய ஐம்பது நிமிடம் போனால் கும்பலுக்குப் பெரிய இழப்பு இல்லை. இரண்டாவது ஆளின் நேரம்தான் விலை உயர்ந்தது. ஆனால் அவன் வரைக்கும் போக வேண்டுமென்றால் கணினியைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். அது கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மோசடியில் நேரம் அவர்களுடைய ஆயுதமும்கூட. சிக்கியவரை இரண்டு மூன்று மணிநேரம் லைனிலேயே வைத்திருப்பார்கள். கடைக்குப் போய் கிஃப்ட் கார்டு வாங்கச் சொல்லும்போதும், "ஃபோனை வைக்காதீர்கள், சட்டைப் பையில் அப்படியே இருக்கட்டும், யாராவது கேட்டால் பரிசுக்கு என்று சொல்லுங்கள்" என்பார்கள். காரணம் எளியது. ஃபோனை வைத்தால் அவர் வேறு யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுவார், கேட்டால் குட்டு உடைந்துவிடும். நீங்கள் ஐம்பது நிமிடம் இழுத்தபோது, அவனுக்கும் உங்களோடு ஐம்பது நிமிடம் கிடைத்தது. அதில் நீங்கள் என்னென்ன சொன்னீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கணினியை யார் பயன்படுத்துகிறார்கள், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், எந்த வங்கி, பிள்ளைகள் கூட இருக்கிறார்களா? இவற்றையெல்லாம் பேச்சுவாக்கில்தான் கேட்பார்கள். ஒரு அழைப்பில் கிடைத்த தகவலை வைத்து, அடுத்த அழைப்பு வேறு வேஷத்தில் வரும்.

விஷயம் தெரிந்தவன் ஏமாற மாட்டான் என்ற தைரியமும் வேண்டாம். ஜிம் பிரவுனிங் என்ற புனைபெயரில் இயங்குபவர், இந்தக் கும்பல்களின் கணினிக்குள்ளேயே புகுந்து அவர்களை அம்பலப்படுத்திப் பேர் பெற்றவர். 2021 ஜூலையில், யூடியூப் உதவிப் பிரிவு என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவனை நம்பி, தன்னுடைய சானலைத் தானே அழித்துவிட்டார். பிறகு மீட்டார். நடந்ததை மறைக்காமல் அவரே வெளியில் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு மதிப்பு கூடியது. எவ்வளவு கெட்டிக்காரருக்கும் ஏதோ ஒரு வேஷம் பொருந்திப்போகும் என்று எனக்கு உறைத்ததும் அன்றுதான்.

இப்படி ஃபோன் வரும் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். நண்பரின் தாயாரைப் பார்க்கப் போயிருந்தபோது அப்படி ஒரு ஃபோன் வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் பக்கத்து அறையிலிருந்து வந்து பார்ப்பதற்குள், ஒரு நீண்ட எண்ணைப் படித்துச் சரிபார்க்க வைத்துவிட்டு, கணினியில் நடப்பவற்றைப் பதிவு செய்யும் ஈவென்ட் வியூவரைத் திறக்க வைத்திருந்தான். "அம்மா, சிவப்புக் குறி எத்தனை இருக்கிறது, எண்ணிச் சொல்லுங்கள்" என்றான். அவர் எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டு, பதின்மூன்று என்று போகப் போக மவுஸ் மேல் இருந்த கை நடுங்கியது. நான் ஃபோனை வாங்கி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. "அவன் சொன்ன எண் அப்படியே கணினியில் இருந்ததே தம்பி, அது எப்படி?" என்று கேட்டார்.

அதற்கான பதிலை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், யாருக்காவது சொல்ல உதவும். கருப்பு நிறக் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் அசோக் (assoc) என்ற கட்டளையைத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். அது பெரிய பட்டியல் ஒன்றைக் கொட்டும். அதன் கடைசிப் பகுதியில் 888டிசிஏ60 என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று இருக்கும். "இதுதான் உங்கள் கணினியின் லைசென்ஸ் எண், நான் படிக்கிறேன், சரி பாருங்கள்" என்று முழுவதையும் ஒப்பிப்பான். கேட்பவருக்கு, நம் கணினியைப் பற்றி இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று ஆகிவிடும். உண்மையில் அது விண்டோஸின் ஒரு சின்ன உறுப்புக்கு வைத்த அடையாள எண். எல்லா விண்டோஸ் கணினியிலும் அதே எண்தான். ஈவென்ட் வியூவரும் அப்படியே. நன்றாக ஓடும் கணினியிலும் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளும் பிழைகளும் அதில் பதிவாகியிருக்கும். ஏதோ ஒரு சேவை உரிய நேரத்தில் தொடங்காததுகூட அங்கே சிவப்பாகத் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், மனம் கேட்கவில்லை, கொஞ்சமாவது இழுக்க வேண்டும் என்றால் செய்யுங்கள். உங்கள் கோபம் நியாயமானது. எஃப்.பி.ஐ. அமைப்புக்கு வந்த புகார்களின்படி மட்டுமே, இந்த வகை மோசடியில் 2023-ல் 92 கோடி டாலருக்கு மேலும், 2024-ல் 146 கோடி டாலருக்கு மேலும் மக்கள் இழந்திருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு அறுபது வயதைத் தாண்டியவர்களுடைய பணம்.

ஆனால் கணினிக்குப் பக்கத்திலேயே உட்காராதீர்கள். வேறு அறைக்குப் போங்கள். "கணினி ஆன் ஆகிக்கொண்டிருக்கிறது", "கண்ணாடியைத் தேடுகிறேன்", "திரும்ப ஒரு தடவை சொல்லுங்கள்" என்ற மூன்றே வசனம் போதும். கணினியைத் தொடாமலே கால் மணிநேரம் ஓடிவிடும். பெயர், வயது, ஊர், வங்கி எதையும் உண்மையாகச் சொல்லாதீர்கள். எந்த இணைய முகவரியையும் திறக்காதீர்கள். ஃபோனில் பேசுவதால் ஃபோனிலேயே ரிமோட் ஆப் ஒன்றைப் போடச் சொல்வதும் இப்போது உண்டு. எனிடெஸ்க், டீம்வியூவர் எல்லாம் நல்ல மென்பொருள்கள்தான், ஆனால் அவன் சொல்லி நீங்கள் நிறுவக்கூடாது. ஒருமுறை வந்து போகும் ஓ.டி.பி. எண்ணை விளையாட்டுக்குக்கூடப் படித்துக் காட்டாதீர்கள்.

முடிக்கும்போது சத்தமில்லாமல் முடியுங்கள். "உன்னை ஏமாற்றிவிட்டேன் பார்" என்று சொல்லும் அந்த ஒரு நிமிட ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி சொல்வது இந்த இடத்தில் முழுக்கச் சரி. அவனிடம் உங்கள் எண் இருக்கிறது. அவமானப்பட்டவன் இரவில் விடாமல் அழைப்பான். மிரட்டுவான். உங்கள் எண்ணிலிருந்து அழைப்பதுபோல் மற்றவர்களுக்குக் காட்டி மோசடி செய்தால், ஏமாந்தவர்கள் திட்டுவதற்கு உங்களுக்குத்தான் ஃபோன் செய்வார்கள். அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறு. எடுத்துப் பேசும் எண் என்று ஒரு தடவை குறித்துக்கொண்டால் அழைப்புகள் கூடும். அடுத்த அழைப்பு நீங்கள் குளிக்கும்போது வரலாம், உங்கள் மனைவி எடுக்கலாம்.

இழுத்தடிப்பதை இயந்திரங்கள் நம்மைவிட நன்றாகவே செய்கின்றன. லென்னி என்று ஒன்று பல வருடமாக இருக்கிறது. ஒரு முதியவரின் குரலில் பதிவு செய்த சில துணுக்குகள், அவ்வளவுதான். எதிராளி பேசி நிறுத்தியதும் அடுத்த துணுக்கு ஓடும். நடுவில் வாத்துகள் கத்தும். 2024 நவம்பரில் பிரிட்டனின் வர்ஜின் மீடியா ஓ2 நிறுவனம் டெய்சி என்ற செயற்கை நுண்ணறிவுப் பாட்டியை அறிமுகப்படுத்தியது. அந்தப் பாட்டி பின்னல் வேலையையும் குடும்பக் கதையையும் பேசியே மோசடிக்காரர்களை நாற்பது நிமிடம் வரை பிடித்துவைத்திருக்கிறாள். உருவாக்கத்தில் உதவியவர், மேலே சொன்ன ஜிம் பிரவுனிங். டெய்சிக்கு வங்கிக் கணக்கு இல்லை, பயமும் இல்லை. அதனால்தான் இந்த வேலையை அவளிடம் விடலாம் என்கிறேன்.

அழைப்பு இல்லாமல் திரையிலேயே "உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று அலறினால் அதுவும் இதே கும்பல்தான். மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் ஃபோன் எண் இருக்கவே இருக்காது; அவர்களாக உங்களைக் கூப்பிட்டுப் பழுது பார்ப்பதும் இல்லை. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தெரிந்தவர் யாராவது ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டதாகச் சொன்னால், முதலில் இணையத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள். அப்புறம் வேறு ஒரு கருவியிலிருந்து, முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி என்று பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும். வங்கியின் அட்டைக்குப் பின்னால் அச்சிட்ட எண்ணில் அன்றே பேச வேண்டும். அந்தக் கணினியை முழுதாக அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவதே பாதுகாப்பு. காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவில் புகாரும் கொடுக்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. எதற்கும் முன்னால், அவரைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை மறைப்பார். பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று சில வாரம் கழித்து வேறொருவன் அழைப்பான். அவனும் அதே ஆட்களில் ஒருவனாக இருப்பான். மறைத்துவைத்தவர் அவனிடம் தனியாக மாட்டிக்கொள்வார்.

உங்கள் ஐம்பது நிமிடத்தை எங்கே செலவிடலாம் என்று என்னைக் கேட்டால், மனைவியோடு உட்கார்ந்து ஒன்று முடிவு செய்துகொள்ளுங்கள். கணினி பற்றி யார் அழைத்தாலும், வீட்டில் இருவரில் யார் எடுத்தாலும், "என் கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" அல்லது "என் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிடுவது. பிறகு அந்தப் பழைய மடிக்கணினியை எடுங்கள். மின்னஞ்சலில் லாக் அவுட் செய்து, சேமித்த பாஸ்வேர்டுகளை நீக்கி, படங்களை வேறு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். எப்படி அழிப்பது என்பதில் சிக்கல் இருந்தால், அதில் இருப்பது எந்த விண்டோஸ் என்று குறிப்பிட்டு எழுதுங்கள், படிப்படியாகச் சொல்கிறேன்.