டோலக்குக்கு மெஷின் ஒட்டாதா?

அன்புள்ள அண்ணா,

வியாசர்பாடியில் இருக்கிறேன். பாடல் இல்லாமல் இசை மட்டுமே உள்ள நாலு நிமிட டிராக் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். டோலக் வாசித்தது என் மாமா, கானா கச்சேரிக்காரர். புல்லாங்குழல் ஒரு நண்பன். மற்றதெல்லாம் லேப்டாப்பில் சின்த், அதாவது சாஃப்ட்வேர் உருவாக்கும் ஒலி. கேட்டால் பக்கத்துப் பக்கத்து வீட்டு ரேடியோக்கள் ஒரே நேரத்தில் பாடுவதுபோல இருக்கிறது. ரிவெர்ப் (அறையில் ஒலிப்பதுபோன்ற எதிரொலி) நிறையப் போட்டேன். எல்லாமே தூரமாகப் போய்விட்டது. "டோலக்குக்கு மெஷின் ஒட்டாதுடா" என்கிறார் மாமா. ஜீவா ஸ்டேஷன் ரயில் ஹாரன் வேறு உள்ளே வந்துவிட்டது. ஸ்டுடியோ எடுத்து எல்லாவற்றையும் மறுபடி பதியலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஸ்டுடியோவுக்குச் செலவு செய்யாதீர்கள். அனுப்பிய டிராக்கைக் கேட்டேன். டோலக்கின் ஒலி நன்றாகவே பதிவாகியிருக்கிறது, ஒலியில் சிக்கல் சின்த்தில்தான். டோலக்கின் தாளத்துக்குப் பிறகு வருகிறேன்.

டோலக்கின் சத்தம் மைக்குக்கு வருவதற்குள் தரையிலும் சுவரிலும் பட்டு, உங்கள் வீட்டு அறையையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. சாஃப்ட்வேர் சின்த் கணினிக்குள்ளேயே பிறந்தது, காற்றைத் தொட்டதே இல்லை. நீங்கள் இரண்டுக்கும் ரிவெர்ப் போட்டதில், ஏற்கெனவே ஓர் அறைக்குள் இருந்த டோலக் இன்னொரு அறைக்குள் போய்விட்டது. அந்த ரிவெர்ப்பை எடுத்துவிடுங்கள். மாமா உட்கார்ந்த இடத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்து, சின்த் பகுதியை மட்டும் ஓடவிட்டு, மைக்கைப் பழைய இடத்திலேயே வைத்துப் பதியுங்கள். சாதாரண ஸ்பீக்கர் போதும். அந்தப் பதிவை மூல சின்த்தோடு கொஞ்சம் கலந்து பாருங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லி செகண்ட் ஆகும். கலக்கும்போது சத்தம் மெலிந்து போனால் புதிய பதிவை அந்த அளவு முன்னால் நகர்த்துங்கள்.

அடுத்தது பேஸ், அதாவது அடித்தள ஒலி. மாமா இடது கையில் கும்கி (தோலை அழுத்தி இழுக்கும் வழுக்கல் ஒலி) போட்டு இழுக்கும்போது சுருதி மேலும் கீழும் வழுக்குகிறது. அதே இடத்தில் உங்கள் சின்த் பேஸ் ஒரே சுரத்தில் அசையாமல் நிற்கிறது. கானா கேட்டு வளர்ந்த காது கும்கியைத்தான் தேடும். டோலக் வாசிக்கும் இடங்களில் சின்த் பேஸை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுங்கள், அல்லது நிறுத்திவிடுங்கள்.

புல்லாங்குழலுக்கு வேறு விதமான மரியாதை தேவை. அறை குளிர்ந்தால் அதன் சுருதி இறங்கும், சூடானால் ஏறும். நண்பனின் ஐந்து கட்டைக் குழல் சின்த்தைவிடச் சற்று மேலே நிற்கிறது. குழலைச் சாஃப்ட்வேரில் திருத்தினால் கமகம் செத்துவிடும். சின்த்தின் மொத்தச் சுருதியைக் குழலுக்கு ஏற்றபடி சில சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கூட்டுங்கள். பின்னணியில் முழு கார்ட் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) வேண்டாம். சட்ஜமும் பஞ்சமமும் போதும்.

தாளத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மாமாவை ஹெட்போனில் கிளிக் (சீராகத் தட்டும் தாள ஒலி) கேட்டு வாசிக்க வைத்திருக்கிறீர்கள், அப்புறம் ஒவ்வொரு அடியையும் மெஷின் தாளத்துக்குச் சரியாக நகர்த்தும் குவான்டைஸும் செய்திருக்கிறீர்கள். கானாவில் டோலக்காரர் பாடுகிறவரின் மூச்சைப் பார்த்து வாசிப்பவர். இங்கே பாடுகிறவரே இல்லை. அவர் யாரைப் பார்த்து வாசிப்பார்? ஸ்டுடியோ வேண்டாம் என்றேனே தவிர, டோலக்கை மட்டும் வீட்டிலேயே மறுபடி எடுக்கத்தான் வேண்டும். கிளிக்கை விட்டுவிட்டு, அவருக்குப் பழக்கமான யாராவது ஒருவரைப் பாடச் சொல்லி, அந்தக் குரலை ஹெட்போனில் மட்டும் கொடுங்கள். குரல் டிராக்கில் வர வேண்டியதில்லை, டோலக்கில் தெரியும். பிறகு அந்தப் பதிவிலிருந்தே டெம்போ மேப் (வேகம் எங்கே கூடுகிறது, குறைகிறது என்ற குறிப்பு) எடுத்து, சின்த்தை அதன் பின்னால் ஓடவிடுங்கள்.

மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதல்முறை மேடையேறியபோது, கானாவும் பறையும் எலெக்ட்ரிக் கிதாரோடு நின்றன. ஒட்டாது என்று சொல்ல முடியாது. எது எதற்கு இடம் விடுகிறது என்பதுதான் கேள்வி.

ரயில் ஹாரன் டோலக் டிராக்கில் இருந்தால் புதுப் பதிவோடு தானாகப் போய்விடும். குழல் டிராக்கிலும் வந்திருந்தால், சுருதியோடு மோதுகிற அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுங்கள். இடைவெளியில் வருவது இருக்கட்டும், எனக்கு அது பிடித்திருந்தது. டோலக்கை எடுத்த பிறகு, சின்த் சேர்ப்பதற்கு முன்பே எனக்கு அனுப்புங்கள்.