கேப்டன் பதில்கள்: ஏடிஆரா, ஏர்பஸ்ஸா?

கேள்வி: ஏடிஆர் 72 (சிறிய புரொப்பெல்லர் விமானம்) கேப்டன் நான், வயது 42. வேறொரு நிறுவனம் ஏர்பஸ் ஏ320 ஜெட்டில் துணை விமானியாக அழைக்கிறது. பெற்றோர் கோத்தகிரியில் தனியாக இருக்கிறார்கள். போகலாமா?

பதில்: போகலாம் தம்பி, 65 வயது வரை பறக்கலாமே. ஆனால் புது இடத்தில் சீனியாரிட்டி அடியிலிருந்து தொடங்கும். லீவு, பேஸ் (எந்த ஊரிலிருந்து பறக்கிறோம் என்பது), மறுபடி கேப்டன் ஆவது எல்லாம் அதை வைத்துத்தான். டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டத் தேவையான பயிற்சியும் தகுதியும்) செலவு யாருடையது, பாண்டு (இடையில் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை ஆண்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2017-ல் வந்த விதிப்படி கேப்டனுக்கு ஓராண்டு நோட்டீஸ். அதுவரை புது நிறுவனம் காத்திருக்குமா?

எனக்குப் பெரிய கவலை பேஸ்தான். பெங்களூர் என்றால் காரிலேயே வந்துவிடலாம் (பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்). டெல்லி என்றால் கோவைக்குப் பறந்து, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேற வேண்டும். அப்பாவுக்கு நடுராத்திரியில் உடம்பு முடியாமல் போனால்? டெல்லி என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.