டிசம்பர் 25 யார் குறித்த நாள்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: டிசம்பர் 25 ரோமர்களின் சூரியக் கடவுளுக்குப் பிறந்தநாள், அதைச் சபை தன்னுடையதாக்கிக் கொண்டது என்று எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அப்படியானால் நாம் கொண்டாடுவது தவறா?

பதில்: இறையியல் மாணவர்களுக்குச் சபை வரலாறு நடத்திய காலத்தில், டிசம்பர் பிறந்தாலே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேட்பவர் முகத்தில் பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த களை இருக்கும்!

வேதாகமத்தில் நாளும் இல்லை, மாதமும் இல்லை. ஆரம்பகால விசுவாசிகளுக்கு உயிர்த்தெழுதல்தான் திருநாள். பிறந்தநாள் பெரிய விஷயமே அல்ல. 3-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஓரிகன், வேதத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் பார்வோனும் ஏரோதும்தானே என்று குத்திக்காட்டியிருக்கிறார்.

டிசம்பர் 25-க்கு நம் கையில் இருக்கும் மிகப் பழைய உறுதியான சான்று, 354-ஆம் ஆண்டு ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு பஞ்சாங்கம். அதில் சபையின் நினைவுநாள் பட்டியல் ஒன்று உண்டு. 336 வாக்கில் எழுதப்பட்ட அந்தப் பட்டியலின் முதல் வரியே, டிசம்பர் 25-ல் யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே தொகுப்பில் அரசு விழாக்களின் பட்டியலும் இருக்கிறது. அங்கே அதே தேதிக்கு நேராக 'வெல்லப்படாதவனின் பிறப்பு, 30 தேர்ப்பந்தயங்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த 'வெல்லப்படாதவன்' சூரியன்தான் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோரின் கருத்து. உங்கள் நண்பருக்கு உண்மையான ஆதாரம் இந்த ஒரு வரிதான். அவர் சொல்லக்கூடிய மற்ற இரண்டும் நிற்காது. பேரரசன் ஒளரேலியன் 274-ல் சூரியனுக்குக் கோயில் கட்டியது உண்மை. அதை டிசம்பர் 25-ல் திறந்தான் என்று எந்தப் பழைய ஆவணமும் சொல்லவில்லை. சாட்டர்னாலியா என்ற ரோமர்களின் விருந்துக் கொண்டாட்டமோ டிசம்பர் 17-ல் தொடங்கி 23-க்குள் முடிந்துவிடும்.

மறுபக்கம் இன்னொரு கணக்கு உண்டு. இயேசு சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலேயே, அதாவது 200 வாக்கிலேயே, மேற்குச் சபையில் நம்பினார்கள். கருவான நாளும் மரித்த நாளும் ஒன்றே என்று ஆயர் அகுஸ்தீன் பிற்பாடு எழுதுகிறார். மார்ச் 25-லிருந்து ஒன்பது மாதம் எண்ணிப் பாருங்கள், டிசம்பர் 25-ல் வந்து நிற்கும். எனக்கு இந்தக் கணக்குதான் கூடுதல் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் பக்கத்துத் தெருவில் தேர்ப்பந்தயம் நடந்த ஊரில், அந்தச் சத்தம் சபையாரின் காதில் விழவே இல்லை என்றும் நான் சாதிக்க மாட்டேன்.

சரி, சூரிய விழாவின் நாளையே எடுத்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? ரோமர் 14-ல் பவுல், ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றுபோல எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். ஆர்மீனியச் சபை இன்றும் ஜனவரி 6-ல்தான் கிறிஸ்து பிறப்பை நினைவுகூர்கிறது. அவர்கள் விசுவாசத்தில் குறைந்துபோகவில்லை. வார்த்தை மாம்சமானார் என்பது விசுவாச அறிக்கையில் இருக்கிறது, தேதி அதில் இல்லை.

கேள்வி: எரேமியா 10-ஆம் அதிகாரம் கிறிஸ்துமஸ் மரத்தைக் கண்டிக்கிறது என்கிறார்களே?

பதில்: காட்டில் மரம் வெட்டுவது, வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிப்பது, அசையாதபடி ஆணி அடிப்பது எல்லாம் அங்கே இருக்கிறது, மறுக்கவில்லை. அப்படியே 5-ஆம் வசனத்தையும் படியுங்கள். அது பேசாது, நடக்கமாட்டாததால் சுமக்கப்படவேண்டும் என்கிறார் தீர்க்கதரிசி. தச்சன் செதுக்கிய விக்கிரகத்தைப் பற்றிய பேச்சு அது. நம் வீட்டு மரம் பேசும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லையே!

வீட்டுக்குள் ஊசியிலை மரம் வைத்து அலங்கரிப்பது ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் வளர்ந்த வழக்கம். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தைப் பற்றிய 1605-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றில், மரத்தில் என்னென்ன தொங்கவிட்டார்கள் என்றே இருக்கிறது: பல வண்ணக் காகித ரோஜாக்கள், ஆப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், சர்க்கரைப் பண்டம். ஆப்பிளுக்குக் காரணம் உண்டு என்பார்கள். டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நினைவுநாள். அன்று நடித்த ஏதேன் நாடகத்தில் பழம் தொங்கும் மரம் ஒன்று நிற்கும். சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் நட்சத்திரங்களைப் பார்த்து மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார் என்ற கதைக்கு அவர் காலத்துச் சான்று எதுவும் இல்லை. மரத்தை எதிர்ப்பவர்கள் அவசரத்தில் வசனத்தை வளைக்கிறார்கள், ஆதரிப்பவர்கள் அழகுக்குக் கதை கட்டுகிறார்கள். பிடித்தால் வையுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். இரட்சிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கேள்வி: குடிலில் மாடும் கழுதையும் மூன்று ராஜாக்களும் வேதத்தில் எங்கே வருகிறார்கள்?

பதில்: லூக்கா சொல்வது முன்னணை, அதாவது தீவனத் தொட்டி, மட்டும்தான், மாடும் கழுதையும் அங்கே இல்லை. ஏசாயா 1:3-ல் மாடு தன் எஜமானை அறியும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையை அறியும் என்று வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு 4-ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பங்களிலேயே இரண்டையும் குழந்தைக்கு அருகில் செதுக்கிவிட்டார்கள். 1223-ல் இத்தாலியின் கிரெச்சோவில் அசிசி பிரான்சிஸ் வைக்கோல் போட்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி ஆராதனை நடத்தினார். குடில் வழக்கம் பரவ அந்த இரவு பெரிய காரணம்.

ஞானிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. காணிக்கை மூன்று, அதனால் ஆளும் மூன்றானார்கள். ரோமின் நிலத்தடிக் கல்லறை ஓவியங்களில் ஓரிடத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள், இன்னோரிடத்தில் நான்கு பேர். அவர்கள் வந்து சேர்ந்ததும் தொழுவத்துக்கு அல்ல, வீட்டுக்கு. இதற்காகக் குடிலைக் கலைக்க வேண்டாம். பிள்ளைகளிடம் வைக்கச் சொல்லும்போது மத்தேயு 2-ஐயும் லூக்கா 2-ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள், வித்தியாசத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி: பண்டிகையே கூடாது என்ற கிறிஸ்தவர்கள் எப்போதாவது இருந்தார்களா?

பதில்: இருந்தார்கள், சட்டமே போட்டார்கள். இங்கிலாந்து நாடாளுமன்றம் 1647-ல் பண்டிகையை ஒழித்தது. 1659-ல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம், 1681-ல்தான் நீக்கினார்கள். அவர்கள் கேட்டது நல்ல கேள்வி: வேதம் கட்டளையிடாததை ஏன் கட்டாயமாக்குகிறீர்கள்? அப்புறம், வேதம் தடுக்காததற்கு அவர்களே அபராதம் வசூலித்தார்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் தாத்தா பொய் என்று குழந்தையிடம் சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லலாம், ஆனால் அத்தோடு நிறுத்தாதீர்கள். 4-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருந்த மீரா என்ற ஊரில் நிக்கோலஸ் என்ற ஆயர் இருந்தார். வரதட்சணை கொடுக்க வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில் பொன் முடிச்சுகளை எறிந்துவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. பனிச்சறுக்கு வண்டியும் கலைமான்களும் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கா சேர்த்தவை. அவருடைய நாள் டிசம்பர் 6. கதையை அன்றைக்கே சொல்லிவிட்டால், 25-ஆம் தேதி குழந்தை வேறு கேள்வி கேட்கும்.