கொழும்பில் பாடசாலைப் பட்டமளிப்புக்கு என்ன பூ கொடுப்பது?

மதுரையிலிருந்து வெள்ளவத்தைக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் சகோதரி கேட்டிருக்கிறார்: "பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் ஏ லெவல் (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) முடித்துவிட்டாள். அடுத்த வாரம் பாடசாலையில் பட்டமளிப்பு. எங்களையும் அழைத்திருக்கிறார்கள். ஊரில் என்றால் யோசிக்காமல் ஒரு மாலை கட்டிக்கொண்டு போயிருப்போம். இங்கே எந்தப் பூ சரி? வெள்ளைப்பூ கூடாது என்கிறார்களே?"

வணக்கம் சகோதரி. வெள்ளையே கூடாது என்றில்லை. இங்கே மணப்பெண் கையில் வெள்ளைப் பூச்செண்டு இருக்கும், விகாரைக்கும் வெள்ளைப்பூ போகும். ஆனால் துக்கத்துக்கும் வெள்ளைதான். இழவு வீட்டுத் தெருவில் வெள்ளைக்கொடி கட்டுவார்கள், வெள்ளை உடுத்திப் போவார்கள். அதனால் வெள்ளைச் செவ்வந்தியை மட்டும் அடர்த்தியாகக் கட்டினால் மலர்வளையம் ஞாபகம் வந்துவிடும். வெள்ளை பிடிக்குமென்றால் ஊதாவோ மஞ்சளோ கலந்து கட்டச் சொல்லுங்கள். பொரளை கனத்தை மயானத்தை ஒட்டிய கடைகளில் வாங்குவதானால், ஸ்கூல் விழாவுக்கு என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே கேட்டு வருபவர்களில் பலர் மலர்வளையத்துக்குத்தான் வருவார்கள்.

நிறத்தைவிட முக்கியம், பூ எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது. மூன்று மணிக்குத் தொடங்கும் விழா என்றால் மதியமே பூ வாங்கிவிடுவீர்கள். ஊர்வலம், பேச்சு, சான்றிதழ் எல்லாம் முடிந்து அந்தப் பெண் கைக்குப் போகும்போது ஆறு மணி தாண்டிவிடும். அதுவரை பூ தண்ணீரில்லாமல் உங்கள் மடியில்தான் இருக்கும், அதுவும் இந்தப் புழுக்கத்தில். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் முதல் தேர்வு டென்ட்ரோபியம் ஆர்க்கிட்தான். இலங்கையிலேயே வளர்க்கிறார்கள், கடைகளில் சுலபமாகக் கிடைக்கும், ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறம் படத்திலும் எடுப்பாக விழும்.

வாங்கும்போது தண்டின் கீழ்ப்பக்கம் முக்கால்வாசிப் பூக்கள் விரிந்து, நுனியில் மட்டும் மொட்டு இருக்க வேண்டும். தண்டைப் பிடித்து மெதுவாக ஒரு உலுக்கு உலுக்குங்கள். பூ உதிர்ந்தால் அது பழைய சரக்கு. அடியில் தண்ணீர் நிரப்பிய சின்னக் குழாய் மாட்டியிருந்தால் கழற்ற விடாதீர்கள். முந்தின நாளே வாங்கினாலும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். பத்து டிகிரிக்குக் கீழே போனால் இதழ் கண்ணாடி மாதிரி ஆகி வாடிவிடும். பழுத்த மாம்பழம், வாழைப்பழம் பக்கத்திலும் கூடாது. அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் பூ சீக்கிரம் உதிரும். பழக்கூடையும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

ரோஜா கேட்டால் மலைநாட்டிலிருந்து வருவது கிடைக்கும். மொட்டின் அடியை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்றிருந்தால் வேண்டாம். ரோஜாவுக்கு வரும் பெரிய தொல்லை கழுத்து தொங்குவது. தண்டுக்குள் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் மேலே ஏறாததால் அப்படி ஆகிறது. பாத்திரத்துத் தண்ணீருக்குள் வைத்தே தண்டை இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி, தலையோடு சேர்த்து நியூஸ்பேப்பரில் இறுக்கமாகச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிமிர்த்தி வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஜெர்பராவுக்குத் தலை கனம், தண்டு மெலிவு. மடியில் வைத்துக் காத்திருக்கும் விழாவுக்கு அது தோதுப்படாது.

லில்லியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இங்கே பாடசாலைச் சீருடை வெள்ளை. விரிந்த லில்லியின் நடுவில் தொங்கும் செம்பழுப்பு மகரந்தப் பைகள் ஒருமுறை உரசினாலே துணியில் கறை பிடித்துவிடும். கடையிலேயே அவற்றைக் கிள்ளி எடுக்கச் சொல்லுங்கள். மொட்டாக இருப்பது பிறகு விரியும்போது அந்தப் பெண்ணின் வீட்டிலும் கிள்ள வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கறை பட்டால் தேய்க்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள்.

கொத்து சிறியதாக இருக்கட்டும். ஒரு கையில் சான்றிதழ் இருக்கும், இன்னொரு கையால் எல்லோரையும் கட்டிப்பிடிக்க வேண்டும். ஐந்து தண்டு, முழங்கை நீளம் போதும். தண்டின் அடியில் ஈரப்பஞ்சு சுற்றி, அதன்மேல் சின்னப் பொலித்தீன் பை போட்டு, ரப்பர் பாண்ட் மாட்டச் சொல்லுங்கள். பூவைச் சுற்றிக் காகிதம்தான் நல்லது. செலோஃபேனில் முழுக்க மூடினால் உள்ளே வியர்த்து இதழில் பழுப்புப் புள்ளி விழும். நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.

ரிப்பன் எடுக்கும்போது அவள் பாடசாலையின் நிறத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொழும்பில் இது லேசான விஷயமில்லை. ரோயல் கல்லூரிக்கு நீலமும் பொன்னிறமும், பரி. தோமாவின் கல்லூரிக்கு நீலம், கறுப்பு, நீலம். 1879 முதல் கிரிக்கெட்டில் மோதிவரும் இரண்டும் தங்கள் நிறத்தை விட்டுக்கொடுக்காது. பெண்கள் பாடசாலைகளிலும் இதே பற்று உண்டு. நிறம் தெரியாவிட்டால் பூவின் நிறத்திலேயே ரிப்பன் போட்டுவிடுங்கள்.

மாலை வேண்டாம். நம்மவர் பிள்ளை என்றால் கொட்டாஞ்சேனையிலோ பம்பலப்பிட்டியிலோ கோவில் பக்கம் மல்லிகைச் சரம் வாங்கித் தலையில் வைத்துவிடலாம், அது தனி அழகு. இந்தப் பெண்ணுக்குச் செண்டே போதும். ஊரிலிருந்து வருபவர்களிடம் மதுரை மல்லி கொண்டுவரச் சொல்ல வேண்டாம். செடி, பூ எல்லாம் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பறிகொடுக்க நேரும்.

விழா முடிந்ததும் அந்தப் பெண் வெற்றிலைக் கட்டை இரு கையாலும் ஆசிரியரிடம் கொடுத்து, மண்டியிட்டு வணங்கலாம். அது முடியும்வரை ஒதுங்கி நின்று, பெற்றோரும் படம் எடுத்துக்கொண்ட பிறகு செண்டை நீட்டுங்கள். கொடுக்கும் முன் ஈரப்பஞ்சையும் பையையும் கழற்றித் தண்டைத் துடைத்துவிடுங்கள், சீருடையில் தண்ணீர் சொட்டாது.