அப்பாவுக்கு வந்த கடிதம்

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு நோய் முற்றிவிட்டது, குணப்படுத்த இனி வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது இறுதிக்காலப் பராமரிப்பு பற்றிய ஓர் ஆய்வில் சேரச் சொல்லிப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அவரைச் சேர்க்கலாமா, இல்லை சோதனை எலி ஆக்கிவிடுவார்களா?

நான் மருத்துவர் இல்லை. என் அப்பா தன் கடைசி மாதங்களில் இப்படி ஓர் ஆய்வில் இருந்தார். பக்கத்தில் இருந்து பார்த்ததையும், பிறகு தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. ஆய்வுச் செவிலியர் வார்டுக்கு வந்தபோது அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். நுரையீரல் நோய்; நாலடி நடந்தால் மூச்சிரைக்கும். நான் வாசலிலேயே மறித்து, "எங்களுக்கு இதெல்லாம் வேண்டாங்க, அவரை நிம்மதியா விடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவருக்காகத்தான் செய்தேன் என்று எனக்குள் ஒரு பெருமிதம் வேறு. உள்ளே வந்தால் அப்பா விழித்திருந்தார். யார் வந்தது என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மூச்சை இழுத்து இழுத்துக் கேட்டார்: "எனக்கு வந்த கடுதாசியை நீ எப்படிடா திருப்பி அனுப்புவ?"

மறுநாள் அந்தச் செவிலியரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுப் படிவத்தை வாங்கி வந்தேன். இந்தத் துறை ஆய்வுகளில் இது பழகிப்போன சங்கடமாம். நோயாளியிடம் கேள்வி போய்ச் சேரும் முன்பே குடும்பமோ, சில நேரம் மருத்துவர்களோ, பரிதாபப்பட்டு வழியை அடைத்துவிடுகிறோம்.

அப்பா கணக்கு வேலை பார்த்தவர். தகவல் தாளைப் பென்சிலோடு இரண்டு நாள் படித்தார். மூச்சுத்திணறலுக்கு ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யும், கொடுக்கிற மருத்துவருக்கும் தெரியாது. எனக்குக் கோபம் வந்தது. சாகக் கிடக்கிறவருக்கு வெறும் மாவு மாத்திரையா? செவிலியர் பொறுமையாக விளக்கினார்: வழக்கமான சிகிச்சை எதுவும் நிற்காது, திணறல் அதிகமானால் கொடுக்கும் அவசர மருந்து இரண்டு தரப்புக்கும் எப்போதும் உண்டு, ஆய்வு மாத்திரை அதற்கு மேல்தான். உங்கள் அப்பாவின் படிவத்தில் இது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

மாவு மாத்திரை ஏன் தேவைப்படுகிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மூச்சு திணறினால் ஆக்சிஜன் வைப்பது எல்லோரும் செய்வது. 2010இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நோய் முற்றித் திணறலோடு இருந்த 239 பேர், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ரொம்பக் குறைந்துவிடாதவர்கள். சிலருக்கு ஆக்சிஜன், சிலருக்கு அதே மாதிரி மூக்குக் குழாயில் சாதாரணக் காற்று, 7 நாள். இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் இதமாக இருந்தது. ஆக்சிஜனால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. கடைசிக் காலத்தில் வரும் மனக்குழப்பத்துக்கு ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் கொடுப்பதும் இப்படித்தான் வழக்கமாக இருந்தது. 2017இல் வெளியான, 247 பேர் பங்கேற்ற ஆஸ்திரேலிய ஆய்வில், மருந்தில்லாத தரப்பைவிட அந்த மருந்துகளைப் பெற்றவர்களுக்குத்தான் குழப்ப அறிகுறிகள் அதிகம். நல்லது என்று நம்பிச் செய்வதில் எது உண்மையிலேயே நல்லது என்று இப்படி யாராவது சேர்ந்து பார்த்தால்தான் தெரிகிறது.

நேர்மாறாகவும் வரும். உயிர் பிரியும் நேரத்தில் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வருமே, அதை முன்கூட்டியே ஊசி போட்டுத் தடுக்க முடியுமா என்று நெதர்லாந்தின் 6 ஹோஸ்பிஸ்களில், அதாவது கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லங்களில், பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது: மருந்து பெற்றவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் அந்தச் சத்தம், மற்றவர்களில் 27 சதவீதம். நான் அந்த எண்களைவிட ஒப்புதல் வாங்கிய விதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஹோஸ்பிஸுக்கு வந்த புதிதில், நல்ல நினைவோடு இருக்கும்போதே கேட்டுக் கையெழுத்து வாங்கிவைத்துவிட்டு, மரணம் நெருங்கிய பிறகே ஊசியைத் தொடங்கியிருக்கிறார்கள். நினைவு தப்பிய பிறகு தனக்கு நடக்கப்போகும் ஒன்றுக்கு முன்பே தன் கையால் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். தினமும் சாயங்காலம் ஒரு தாளில் திணறலுக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் போட வேண்டும். முதல் வாரமே ஆறா ஏழா என்று அவருக்குள் பெரிய விவாதம்.

"ஆறரை போடலாமா?"

"முழு எண்தான் ஐயா."

"அப்போ உங்க தாள் தப்பும்மா."

செவிலியர் சிரித்துவிட்டார். அப்பா தாளில் ஏழு போட்டுவிட்டு, தன் சொந்த நோட்டில் ஆறரை என்று எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு கணக்கு ஓடியது. அதுவரை நாங்கள் எல்லோரும் அவரிடம் கேட்டது "இப்போ பரவாயில்லையா?" என்ற ஒன்றுதான். அதற்கு "பரவாயில்லை" தவிர வேறு பதில் சொல்ல முடியாது. எண்ணாகக் கேட்டபோதுதான் ராத்திரி இரண்டு மணிக்கு அது ஒன்பதுக்குப் போகிறது என்று எங்களுக்கே தெரிந்தது. அதைக் கேட்டு மருத்துவர் ராத்திரி மருந்தின் நேரத்தை மாற்றினார். ஆய்வால் கிடைத்த நன்மை என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

மாத்திரையால் நன்மை கிடைத்ததா என்றால், தெரியாது. அவருக்கு எது விழுந்தது என்று கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. இதில் நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது. ஆய்வு என்பது உங்கள் அப்பாவுக்கான புது சிகிச்சை இல்லை, பிறகு வருகிறவர்களுக்காக ஒரு கேள்விக்கு விடை தேடுவது. கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு ஓர் ஓரத்தில் "இது அவரைக் காப்பாற்றும்" என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். எனக்குப் போட்டது. அப்பாவுக்கு இல்லை என்று நினைக்கிறேன், அவர்தான் தாளை ஒழுங்காகப் படித்தவர்.

ஐந்தாவது வாரம் மாத்திரையை விழுங்கவே சிரமம். நிறுத்திவிட்டார். யாரும் ஏன் என்று குடையவில்லை, வைத்தியத்திலும் குறை வைக்கவில்லை. மாத்திரையை மட்டும் விடலாம், விரும்பினால் எண் சொல்வதைத் தொடரலாம் என்றார்கள். தொடர்ந்தார், கை நடுங்கியதால் நான் எழுதினேன். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பது எந்த ஆய்விலும் இருக்க வேண்டிய உரிமை. பாதியில் விலகினால் அதுவரை கொடுத்த தகவலை என்ன செய்வார்கள் என்றும் கேட்டுவையுங்கள். கூடுதல் ரத்தப் பரிசோதனை, கூடுதல் அலைச்சல் உண்டா, அவர் நினைவிழந்துவிட்டால் யார் முடிவெடுப்பது, இதையும்.

கசப்பான ஒன்றும் நடந்தது. அப்பா போய்ப் பதினோராவது நாள், அவர் கைபேசிக்கு ஆய்வு அலுவலகத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி: இந்த வார வினாத்தாளை இன்னும் நிரப்பவில்லை, தயவுசெய்து நிரப்பவும். அம்மாதான் அதைப் பார்த்தாள். வார்டுக்குத் தெரிந்த செய்தி கணினிக்குப் போய்ச் சேரவில்லை. வருத்தம் தெரிவித்தார்கள், ஆனால் அம்மாவுக்கு அது ஆறவில்லை. அதனால், அவர் இறந்தால் ஆய்வுக் குழுவுக்கு யார் தெரிவிப்பது என்று சேரும்போதே கேளுங்கள். கேட்க நாக்கு எழாதுதான். இப்படிப்பட்ட ஆய்வு நடத்துகிறவர்கள் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

உங்கள் கேள்வியில் அப்பா என்ன சொன்னார் என்று இல்லை. அவர் நினைவோடு இருக்கிறார் என்றால், படிவத்தை இன்றைக்கே அவர் கையில் கொடுங்கள். கண்ணாடியையும் சேர்த்து.