ஆபரேஷனில் போகும் ரத்தம் திரும்புமா? வேலூர் பக்கத்து வாசகர்களின் கேள்விகள்

கே: அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். அவர் ரத்தத்தையே பிடித்துத் திரும்ப ஏற்றுவார்களாம். சிந்திய ரத்தம் சுத்தமாக இருக்குமா? (குடியாத்தம்)

ப: தரையில் சிந்தியதை யாரும் வழித்து ஏற்றுவதில்லை. நெஞ்சுக்குள் தேங்கும்போதே ஒரு குழாய் உறிஞ்சிக்கொள்ளும். அதன் முனையிலேயே ஹெப்பாரின் கலந்த சலைன் சொட்டிக்கொண்டிருக்கும், ரத்தம் உறையாமல் இருக்க. வடிகட்டியைத் தாண்டி டப்பாவில் சேர்ந்ததை இயந்திரம் வேகமாகச் சுழற்றும். கனமான சிவப்பணுக்கள் கிண்ணத்தின் ஓரம் ஒதுங்கும். அப்புறம் சலைன் விட்டு அலசல். கழிவுக் குழாயில் முதலில் சிவப்பாகப் போகும் தண்ணீர் தெளியும்வரை அலசுவார்கள். ஹெப்பாரின், உடைந்த அணுக்களின் சாயம் எல்லாம் பெரும்பாலும் அதோடு போய்விடும். சில மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். எடுத்து வைத்து நாளைக்கு ஏற்ற முடியாது.

கே: அப்படியானால் ரத்தம் கொடுக்க ஆள் தேட வேண்டாமா? (ஆம்பூர்)

ப: தேடி வையுங்கள். திரும்பி வருவது சிவப்பணு மட்டும்தான். ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மாவும் தட்டணுவும் அலசலிலேயே போய்விடும். ரத்தப்போக்கு அதிகமானால் அவை ரத்த வங்கியிலிருந்துதான் வர வேண்டும். "காசு கொடுத்தால் ஆள் இருக்கு" என்று ஆஸ்பத்திரி வாசலில் எவராவது நெருங்கினால் ஒதுங்கிவிடுங்கள். பணத்துக்கு ரத்தம் விற்பது 1998-லிருந்தே தடை.

கே: எனக்குப் பெருங்குடலில் ஆபரேஷன். எனக்கும் இப்படிச் செய்வார்களா? (ஆற்காடு)

ப: பெரும்பாலும் மாட்டார்கள். மலம், சீழ் கலந்தால் எவ்வளவு அலசினாலும் கிருமி முழுதாகப் போகாது.

கே: இது புதுசா வந்ததா? எங்களை வைத்துச் சோதிக்கிறார்களோ என்று பயம். (வாலாஜா)

ப: 1880-களிலேயே எடின்பரோவில் ஜான் டங்கன் என்ற சர்ஜன், கால் எடுத்த நோயாளிக்கு அவர் ரத்தத்தையே திரும்பச் செலுத்தினார். அலசும் இயந்திரங்கள் 1970-களில் வந்தன. சரி, பயத்தை விடுங்கள்.

கே: அம்மாவுக்கு 62 வயது. இடுப்பு மூட்டு மாற்ற வேண்டும். ஹீமோகுளோபின் 9. முன்கூட்டியே அவர் ரத்தத்தை எடுத்துச் சேமிக்கலாமா? (காட்பாடி)

ப: வேண்டவே வேண்டாம். அப்படி எடுக்க 11 ஆவது இருக்க வேண்டும். 9-ல் இருப்பவரிடம் ஒரு பை எடுத்தால் இன்னும் சோகையோடுதான் மேசையில் படுப்பார். இயந்திரமும் இருக்கிற சிவப்பணுவைத்தான் மீட்கும். புதிதாக ஒன்றையும் தராது. என்னைக் கேட்டால் ஆபரேஷன் தேதியைக் கொஞ்சம் தள்ளி, சோகைக்குக் காரணத்தைத் தேடச் சொல்வேன். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரையே வயிற்றில் புண்ணாக்கி ரத்தத்தைக் கசிய விட்டிருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு என்று உறுதியானால் மாத்திரை, அவகாசம் இல்லையென்றால் ரத்தக்குழாய் வழி ஊசி. மாத்திரையை டீ, காபியோடு போடக்கூடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரை போட்டால் மலம் கறுப்பது சகஜம். ஆனால் தொடங்கும் முன்பே தார் மாதிரி கறுப்பாகப் போயிருந்தால், அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.